பெறுநர் பிரதி

மதிப்புரையில் மேற்கோள் தப்பாக இருக்கிறது என்று ஆசிரியர் இளம்பரிதி சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, சங்கரவடிவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக நூலகர். அந்த மாத இதழுக்கு ஒன்பது வருஷமாக மதிப்புரை எழுதுகிறாள். அடுத்தவர் வரியை எடுத்துக் காட்டும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் அனுப்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இணையம் எப்படிப் பிறந்தது, எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி 2046ஆம் வருஷம் மட்டும் தமிழில் நான்கு புத்தகங்கள் வந்திருந்தன. நான்கையும் சேர்த்து ஒரே கட்டுரையாகக் கேட்டிருந்தார் இளம்பரிதி. மூன்று மின்பிரதியாக வந்தன. நான்காவது மட்டும் தபாலில், தாளில் வந்தது. மூன்றைப் படித்து எழுதி அனுப்பிவிட்டு, நான்காவதைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தாள்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு போட்டிருக்கீங்க மேடம். அந்தப் பக்கத்துல அந்த வரி இல்லையே."

"நல்லாப் பாருங்க சார். அமெரிக்காவுல 1969ல முதல் செய்தி அனுப்பினாங்கள்ல? ஒரு ஆங்கில வார்த்தை, அஞ்சு எழுத்து. ரெண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்துக் கணினி நின்னுபோச்சு. அந்த இடம்."

"அந்த இடம் இருக்கு. வரிதான் வேற."

"என்ன இருக்கு, படிங்க."

இளம்பரிதி படித்தார். "'முதல் செய்தியின் ஐந்து எழுத்துகளில் இரண்டு மட்டுமே பெறப்பட்டன.'"

வடிவு தன் கைக்கணினியில் அதே புத்தகத்தின் அதே பக்கத்தைத் திறந்தாள். "எனக்கு, 'ஐந்து எழுத்து கிளம்பிப் போனது, பாவம், இரண்டுதான் கரை சேர்ந்தது'ன்னு இருக்கு. இதைத்தானே மேற்கோளாக் கொடுத்தேன்?"

"இல்லையே. உங்க மதிப்புரையில, 'ஐந்தில் இரண்டு எழுத்துகள் சேர்ந்தன'ன்னுதான் வந்திருக்கு."

இருவரும் அவரவர் பக்கத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்கள்.

"மூணும் ஒரே விஷயம்தான்," என்றார் இளம்பரிதி கடைசியில்.

"விஷயம் ஒண்ணுதான் சார். மூணு பேர் சொன்ன மாதிரியில்ல இருக்கு?"

"ஏதோ பதிப்புக் குழப்பம். விடுங்க, மேற்கோளை எடுத்துடலாம்."

வடிவால் விடமுடியவில்லை. மதியம் சாப்பாட்டு அறைக்குப் போய், உடன் வேலை பார்க்கும் மூன்று பேரிடம் அந்தப் புத்தகத்தை அவரவர் போனிலேயே இறக்கச் சொல்லி அதே பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். இயற்பியல் துறை எபனேசர் சாரின் போனில், "முதல் செய்தியில் நாற்பது சதவீதமே சென்றடைந்தது" என்று இருந்தது. அலுவலகத்து ராஜாத்திக்கு, "அஞ்சு அனுப்பினாங்க, ரெண்டுதான் போச்சு, அவ்வளவுதான் கதை" என்று வந்திருந்தது. ராஜாத்தி பேசுவதும் அச்சாக அப்படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஊறல் பிடித்துக்கொண்டது, என்னவென்று தெரிந்துகொள்கிறவரை அடங்காத ஊறல்.

நூலகத்துக்குத் திரும்பி, தபாலில் வந்த நான்காவது புத்தகத்தின் உறையைக் கிழித்தாள். 'கண்ணாடி நூல்' என்று தலைப்பு. எழுதியவர் லிடியா மச்சாது. தூத்துக்குடிக்காரர், கடலடிக் கேபிள் அறுந்தால் ஒட்டுகிற கப்பலில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர் என்று பின்னட்டை சொன்னது. முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "இந்தப் புத்தகத்துக்கு மின்பிரதி கிடையாது. ஏன் என்பது ஒன்பதாம் அத்தியாயத்தில்."

வடிவு நேராக ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போனாள். மூன்று தடவை படித்தாள். சனிக்கிழமை காலை தூத்துக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

*

லிடியா மச்சாதுவுக்கு வடிவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கேபிள் கிடங்கில் இப்போது பொறுப்பாளர். கிடங்குக்குள் வீட்டுக் கிணறுகளை வரிசையாகத் தரைக்கு மேலே எடுத்துவைத்த மாதிரி பெரிய பெரிய வட்டத் தொட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கருப்புக் கேபிள் மைல் கணக்கில் சுருண்டு கிடந்தது. லிடியா ஒரு வெட்டுத் துண்டை எடுத்து உரித்துக் காட்டினார். கருப்பு உறை, இரும்புக் கம்பி, செம்புக் குழாய், கடைசியில் தலைமயிரைவிட மெல்லிதாக நாலைந்து கண்ணாடி இழை.

"இம்புட்டுத்தான் மேடம் இன்டர்நெட்டு. எல்லாரும் மேல வானத்துல இருக்குன்னு நெனைக்காங்க."

"ஒன்பதாவது அத்தியாயம் படிச்சேன்," என்றாள் வடிவு. "சரியாப் புரிஞ்சுதான்னு கேக்க வந்தேன்."

"முந்தி எப்படிப் போச்சுன்னு முதல்ல சொல்லுதேன். நீங்க ஒரு கடுதாசி அனுப்புனா, வலை அதைத் துண்டு துண்டா நறுக்கி ஒவ்வொண்ணையும் ஒரு பொட்டலமாக் கட்டும். பொட்டலத்து மேல எங்கருந்து வருது, எங்க போவணும், எத்தனாவது துண்டு. உள்ள என்ன இருக்குன்னு வழியில ஒருத்தருக்கும் அக்கறை கிடையாது. ஒண்ணு சிங்கப்பூரைச் சுத்திக்கிட்டுப் போவும், ஒண்ணு குறுக்க போவும். வழியில ஒண்ணு தொலைஞ்சா, 'ஏழாவது வந்து சேரல'ன்னு அங்கருந்து கேக்கும். இங்கருந்து மறுபடி அனுப்பும். கடைசியில எல்லாத்தையும் வரிசையா அடுக்குனா, நீங்க எழுதுனது எழுத்துக்கு எழுத்து அங்க நிக்கும். நீங்க தப்பா எழுதியிருந்தா அந்தத் தப்போட நிக்கும். அறுபது வருஷம் அப்படித்தான் ஓடிச்சு."

"இப்போ?"

"இப்போ கடுதாசி போறதில்ல. அதோட சாரம் போவுது." லிடியா இழையை விரலில் சுற்றினார். "கேபிள் பத்தல. ஆளுக்கு நாலு மிஷின் வேலைக்கு வச்சிருக்கோம், அந்த மிஷின் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓயாமப் பேசுது. நாங்களும் கடல்ல கண்ணாடியப் போட்டுக்கிட்டே இருந்தோம், பத்தவே இல்ல. அப்பத்தான் 'பொருள்வழி'ன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. நீங்க எழுதுனத உங்க போனே படிக்கும். இதுக்கு அர்த்தம் இன்னதுன்னு கொஞ்சம் எண்ணாச் சுருக்கும். அந்த எண்ணு மட்டும்தான் கடல்ல போவும். அந்தப் பக்கத்துப் போன் எண்ணை வாங்கி, திரும்ப வாக்கியமா எழுதிக் காட்டும். நூறு பொட்டலம் போற இடத்துல ரெண்டு போனாப் போதும். கோர்ட்டுக் காகிதம், பேங்க், மருந்துச் சீட்டு, இதெல்லாம் மட்டும் பழையபடி எழுத்துவழியில போவுது. மத்ததெல்லாம் பொருள்வழிதான்."

"எழுதிக் காட்டும்னா, யாரோட வாக்கியமா எழுதிக் காட்டும்?"

லிடியா இழையை விரலிலிருந்து கழற்றினார். உரித்த துண்டைக் கீழே வைத்தார்.

"வாங்குறவங்க வாக்கியமாத்தான். அந்தப் போனுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு அதோட சொந்தக்காரங்கதானே? அவங்க இத்தனை வருஷமா எழுதுனது பூரா அதுகிட்ட கெடக்கு. அவங்க எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பாங்களோ அப்படி எழுதிக் காட்டுது. படிக்கவும் சுகமா இருக்கும். மனசுக்கு ஒட்டுன மாதிரி இருக்கும்."

"இதை யாருக்கும் சொல்லாமலா செஞ்சாங்க?"

"சொன்னாங்களே. 'ஏற்கிறேன்'னு ஒரு பொத்தான் வந்துச்சுல்ல? அதுக்கு மேல அறுபத்திமூணு பக்கம் இருந்துச்சு. நானும் படிக்காமத்தான் அமுக்குனேன்."

"இவ்வளவு நாளா யாருமே கண்டுபிடிக்கலையா?"

"ஒரே கடுதாசிய ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து படிச்சு எத்தனை நாளாச்சு மேடம்? அப்படியே யாராவது பாத்தாலும், அர்த்தம் ஒண்ணுதானேன்னு போயிடுதாங்க. அர்த்தம் ஒண்ணுதான். அதுல பொய் கிடையாது. அதுதான் எனக்கும் பிடிபடல, இதுல என்னத்தக் குத்தம் சொல்லன்னு. அதான் புத்தகமா எழுதிப் பாத்தேன்."

வடிவின் மனம் அப்போதே புத்தகத்தை விட்டு வேறெங்கோ போய்விட்டிருந்தது.

"பேச்சு? போன்ல பேசினா?"

"குரல் இப்போதைக்கு அப்படியேதான் போவுது. அடுத்த வருஷம் அதுக்கும் திட்டம் இருக்குன்னு கேள்வி."

"நாம அனுப்பினது, நாம எழுதின மாதிரியே எங்கயாவது இருக்குமா?"

"உங்க போன்ல நீங்க அனுப்புனது உங்க எழுத்துலயே இருக்கும். அவங்க போன்ல அவங்க அனுப்புனது. வந்ததுதான் மாறியிருக்கும். ரெண்டு போனையும் பக்கத்துல வச்சாத் தெரிஞ்சிடும்." லிடியா வடிவின் முகத்தைப் பார்த்தார். "யாருன்னு கேக்க மாட்டேன். ஆனா வைக்கணுமான்னு யோசிச்சுக்கிடுங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் வச்சுப் பாத்தோம்."

"என்ன ஆச்சு?"

"ஒரு வாரம் பேச்சு கிடையாது. இப்போ எல்லாச் சண்டையும் நேர்லதான்," என்று சிரித்தார் லிடியா.

*

வடிவு நினைத்தது அவள் அக்கா தெய்வானையை.

2032 தை மாதத்தில் அப்பா இறந்தார். அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தார். வடிவு ஒரு பயிற்சிக்காகத் தில்லியில் இருந்தாள். பனிமூட்டத்தில் விமானம் பதினெட்டு மணி நேரம் கிளம்பவில்லை. மறுநாள் மதியம் அவள் ஊருக்குள் நுழைந்தபோது அப்பாவைச் சுடுகாட்டில் எரித்து முடித்திருந்தார்கள். "எனக்காக ஒரு ராத்திரி வச்சிருக்க முடியலையா? உனக்கு மனசே கிடையாது" என்று வாசலிலேயே நின்று கத்தினாள். அக்கா ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு எட்டு வருஷம் பேச்சு இல்லை. அந்த எட்டு வருஷத்தில் அக்கா ஓசூருக்குக் குடிபோனாள். கியர் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை.

2040இல் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வடிவு, நம்ம சித்தப்பா போயிட்டாரு. ஏனோ தெரியல, இதை உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணிச்சு." வடிவு அதைப் படித்துவிட்டு நூலகத்தின் பின்வரிசை அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். உடனே பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். பதில் வந்தது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக வாரம் இரண்டு கடிதமாவது உண்டு. போனில் பேசிக்கொள்வதில்லை, நேரில் பார்த்துக்கொண்டதும் இல்லை. எழுத்தில் இவ்வளவு நன்றாகக் கூடிவந்திருப்பதை வாய் திறந்து கெடுத்துக்கொள்வானேன் என்று இரண்டு பேருக்குமே ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் வடிவு அந்தக் கடிதங்களைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். 'ஏனோ தெரியல' என்பது அவள் அடிக்கடி எழுதுவது. 'மனசு அங்கேயே சுத்துது' என்பதும் அவளுடையதுதான். அக்காவும் தன்னைப் போலவே எழுதுகிறாளே, ரத்தம் ஒன்றல்லவா என்று பூரித்துப்போன இடங்கள் எல்லாம். அப்படியானால் அக்கா உண்மையில் என்னதான் எழுதினாள்? பயமாக இருந்தது. பயத்தைவிட, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஓசூரில் அக்கா வீட்டு மாடிப்படி ஏறினாள்.

*

கதவைத் திறந்த தெய்வானை அவளை மேலும் கீழும் பார்த்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஏட்டி, இளைச்சுட்டியே," என்றாள். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அக்கா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. "வா. அத்தான் பெங்களூருல மக வீட்டுக்குப் போயிருக்காவ. செருப்ப உள்ளயே விடு."

கட்டிக்கொள்வாள் என்று வடிவு எதிர்பார்த்திருந்தாள். தெய்வானை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கடிதத்தில் வருகிற அக்காவை இந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தாள் வடிவு. காணோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். மேற்கோளில் தொடங்கி லிடியா மச்சாது வரைக்கும். தெய்வானை நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். தொழிற்சாலையில் பல்சக்கரங்களை அளந்து பார்க்கிற கண்.

"அப்ப நான் எழுதுனது உனக்கு வரல?"

"அர்த்தம் வந்திருக்கு."

"போன எடு," என்று சொல்லித் தன்னுடையதையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

முதலில் 2040. தெய்வானையின் போனில், அவள் அனுப்பியது இப்படி இருந்தது: "சித்தப்பா காலமானார். உனக்குத் தெரிவிக்கிறேன். மற்றவர்களுக்கு இனிமேல்தான்." அவ்வளவுதான்.

வடிவு தன் போனில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். தெய்வானை முகத்தைச் சுளித்தாள்.

"'ஏனோ தெரியல'யா? எனக்கா தெரியாது? உன் நம்பர் பட்டியல்ல முதல்ல இருந்துச்சு, உனக்கு முதல்ல அனுப்புனேன்."

வடிவு தன் போனில் இருந்த வரியை மறுபடி பார்த்தாள். இந்த ஒரு வரியை வைத்துத்தானே ஆறு வருஷத்தையும் கட்டியிருந்தாள்.

"நீ என்ன பதில் போட்ட, பாப்போம்," என்று தெய்வானை வடிவின் போனை இழுத்துக்கொண்டாள். இரண்டு பக்கப் பதில். சித்தப்பா சைக்கிளில் இருவரையும் முன்னும் பின்னும் வைத்து ஆற்றுக்குக் கூட்டிப்போனது, அக்காவின் பாவாடை சக்கரத்தில் சிக்கியது, அழுத அழுகை, எல்லாம் இருந்தது. படித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு தன் போனில் அதற்கு நேராக வந்திருந்ததைக் காட்டினாள்.

"தெரிந்தது. வருத்தம். சிறுவயது ஞாபகம் வந்தது. நலமா?"

வடிவு அதை நம்பமுடியாமல் பார்த்தாள். "இவ்வளவுதான் வந்துச்சா?"

"இதைப் பாத்துட்டுத்தாண்டி உனக்கு மறுபதிலே போட்டேன்! பரவால்ல, இவளும் வளவளன்னு இழுக்காம எழுதப் பழகிட்டா, இப்பத்தான் எனக்குத் தங்கச்சி மாதிரி இருக்கான்னு நெனச்சேன்."

"நான் உன்னை நெனச்சேன், அக்காவுக்கு இப்பத்தான் மனசு இளகி என்னை மாதிரி ஆயிருக்குன்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது தெய்வானைதான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு கடிதமாக இரண்டு போனிலும் தேடித்தேடி எடுத்தார்கள். வடிவு குற்றாலத்தில் முதல் சாரலைப் பார்த்து எழுதிய ஒன்றரைப் பக்கம், அக்காவுக்கு "குற்றாலம் போனேன். மழை" என்று போயிருந்தது. அக்கா "புது குக்கர் வாங்கினேன்" என்று எழுதியது, வடிவுக்கு, "சின்னச் சின்னச் சந்தோஷங்களில்தானே அக்கா வாழ்க்கை ஓடுது, புது குக்கர் வாங்கியிருக்கேன்" என்று வந்திருந்தது. 'அக்கா'வே தன்னை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டதை வடிவு அன்றைக்குக் கவனிக்காமல் போயிருந்தாள். தெய்வானை சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வடிவு 2043 ஆகஸ்டுக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? காட்டு."

அந்த மாதம் வடிவுக்கு மார்பில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். சாதாரணக் கட்டி என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அலுவலகத்து ராஜாத்திதான் கூட இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வடிவு அக்காவுக்கு எழுதியிருந்தாள். தெய்வானை அதை வாய்விட்டுப் படித்தாள்.

"'நீ வரணும்னு நான் கேக்கல அக்கா. உனக்கு வேலை இருக்கும், தூரமும் அதிகம். ஆனா வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஏனோ நீயோன்னு திரும்பிப் பாக்கறேன்.'"

படித்துவிட்டுத் தன் போனைத் தேடினாள். "நாளை சிறிய ஆபரேஷன். வர வேண்டாம். வேலையைப் பார்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நான் என்ன எழுதுனேன் தெரியுமா?" என்றாள் தெய்வானை. அவள் அனுப்பியது: "லீவு சொல்லிட்டேன். டிக்கெட் இருக்கு. வேணும்னா வர்றேன். வேண்டாம்னா விடு."

வடிவுக்கு வந்தது இது: "நீ ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துடுவேன்னு உனக்கே தெரியும். ஆனா இந்த நேரத்துல உனக்கு அமைதிதான் வேணும்னா, அதையும் புரிஞ்சுக்கறேன்." வாய் வார்த்தைக்குச் சொல்கிறாள், வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, "உன் அன்பே போதும்" என்று பதில் போட்டிருந்தாள் வடிவு. அது அக்காவுக்கு "வேண்டாம். நன்றி" என்று போய்ச் சேர்ந்திருந்தது.

"பைய எடுத்து வாசல்ல வச்சிருந்தேன்," என்றாள் தெய்வானை. "'வா'ன்னு ஒரு எழுத்து. அது போதாதாட்டி? 'செருப்புச் சத்தம் கேட்டா'ன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"வான்னுதான் அர்த்தம்."

"அதை ஏன் எழுதல?"

"நீ ஏன் வேண்டாம்னா விடுன்னு எழுதின? டிக்கெட் எடுத்தவ வரவேண்டியதுதானே?"

"கூப்பிடாத இடத்துக்கு எப்படிட்டி வருவேன்?"

குரல்கள் ஏறின. கீழ்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. ராஜாத்தி போட்ட கஞ்சியைக் குடித்துக்கொண்டு யாருமே இல்லையே என்று படுத்திருந்ததை வடிவு சொன்னாள். பையைத் திரும்பப் பிரித்து ஒவ்வொரு துணியாக அலமாரியில் அடுக்கியதை அக்கா சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். எதையோ கணக்குப் போடுகிற மாதிரி மேசையையே பார்த்தாள்.

"அப்போ தில்லியிலருந்து நீ அனுப்புனது?"

"எது?"

"அப்பா செத்தன்னிக்கு. 'காத்திருக்க வேண்டாம்'னு அனுப்புனியே."

வடிவு நிமிர்ந்தாள். "நான் அப்படி அனுப்பவே இல்லக்கா."

"அனுப்புன. ஏர்போர்ட்லருந்து. அதைப் படிச்சுட்டுத்தான், பெத்த அப்பன் முகத்தக்கூடப் பாக்க வேண்டாம்னு சொல்லுதாளேன்னு எனக்கு ஆத்திரம். நாலு மணிக்கே எடுத்துருங்கன்னு சொன்னவ நான்தான். மறுநாள் நீ வந்து, ஏன் வச்சிருக்கலன்னு வாசல்ல நின்னு கத்துத. நீயே சொல்லிட்டு என்னையவே கேக்கியேன்னு…"

அன்று எழுதியது வடிவுக்கு இன்னும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம். பேசினால் அழுகை வந்துவிடும் என்று எழுதினாள். "பனியில விமானம் எப்போ கிளம்பும்னு தெரியல. எனக்காக நிறுத்தி வைங்கன்னு சொல்ல வாய் வரல. எதுவானாலும் உன் முடிவுதான் அக்கா." அதை அப்படியே சொன்னாள்.

தெய்வானை அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அந்தப் போன் எப்பவோ போயிடிச்சு. எடுத்துப் பாக்கவும் வழியில்ல. சில நாள் நெனப்பேன், சாவு வீட்டு அவசரத்துல நான்தான் சரியாப் படிக்கலையோன்னு. நெனச்சுட்டு உடனே அந்த நெனப்ப அழிச்சுப்போடுவேன். அப்படி இருந்தா நான் என்ன பாவி." அவள் வடிவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்கு முதல்முறையாகத் தொட்டாள். "இந்த மிஷின்தானே வடிவு? அப்பவே இது வந்துட்டுதானே? நீதான் புத்தகமெல்லாம் படிச்சிருக்க, சொல்லு."

லிடியாவின் ஒன்பதாம் அத்தியாயம் ஒரு தேதியோடு தொடங்குகிறது. பொருள்வழியின் முதல் சோதனை 2033 செப்டம்பரில், இரண்டே இரண்டு ஊர்களுக்கு நடுவில் நடந்தது. அப்பா இறந்தது அதற்கு இருபது மாதம் முன்னால். அந்தத் தை மாதத்தில் உலகத்தில் அனுப்பப்பட்ட ஒவ்வொரு எழுத்தும், பிழைகள் உட்பட, அப்படியே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வடிவு எழுதியது முழுசாக அக்கா கையில் இருந்திருக்கிறது. கூடத்தில் அப்பாவைக் கிடத்திவைத்துவிட்டு, அக்கா அதைப் படித்திருக்கிறாள்.

அக்காவின் பிடி இறுகியது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆமாக்கா," என்றாள் வடிவு. "அப்பவே வந்துடுச்சு. மிஷின்தான்."

தெய்வானை மூச்சை விட்டாள். ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்த மூச்சு போல அது வந்துகொண்டே இருந்தது. மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள், சத்தமாக, தோள் குலுங்க. வடிவு அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படி அக்கா அழுது அவள் பார்த்ததே இல்லை.

அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெய்வானை அன்றைய நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பதினான்கு வருஷமாக யாரிடமும் பேசாதது. காலையில் அப்பா அரை இட்லி சாப்பிட்டது, பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ வர லேட்டானது. சுருக்கமாகப் பேசுகிறவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் வடிவு.

"சொன்னாரு. நம்ம பேரக்கூடச் சொல்லல." தெய்வானைக்கு அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பு வந்தது. "'ஏட்டி, மோட்டர நிறுத்திட்டியா?'ன்னு கேட்டாரு. கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குக் கைகால் ஓடல. நிறுத்திட்டேம்ப்பான்னு சொன்னேன். அப்படியான்னு கண்ண மூடுனாரு, நிம்மதியா."

"அப்புறம்?"

"நான் எங்க நிறுத்துனேன்? மாடித் தொட்டி நெறஞ்சு தண்ணி பாட்டுக்கு ஊத்திக்கிட்டுக் கெடந்துச்சு."